புகைபோக்கி இல்லாத தொழில்கள்



தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்குச் செம்பனை ஆலையின் வாடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று ஆலைப் பக்கமிருந்து வீசும் நாள்களில் வகுப்பறைச் சன்னல்களைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்திய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அந்த ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள் இருக்கும். குளம் என்றால் அல்லி பூக்கும் குளமன்று. ஆலைக் கழிவுநீரைத் தேக்கி, நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்ப்பதற்காக வெட்டப்பட்ட குளங்கள். ஒரு டன் பனை எண்ணெய் எடுக்க ஐந்து முதல் ஏழரை டன் வரை தண்ணீர் செலவாகிறது. அதில் பாதிக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கோடு கழிவாக வெளியேறுகிறது.

அந்தக் குளங்கள் எப்படி வந்தன? ஆலை முதலாளிகளுக்குத் திடீரென்று ஆற்றின் மீது அன்பு பிறந்ததா? இல்லை. மலேசியாவில் 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. கழிவுநீரை நுண்ணுயிர்கள் சிதைப்பதற்கு எவ்வளவு உயிர்வளி தேவை என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு ஒரு வரம்பு கட்டினார்கள். 1978-இல் ஒரு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று தொடங்கிய வரம்பு, படிப்படியாக இறுகி, 1984-இல் 100-க்கு வந்து நின்றது. எவ்வளவு அழுக்கோ அவ்வளவு உரிமக் கட்டணம் என்றும் வைத்தார்கள். குழாய் ஒன்று இருக்கிறது. அதன் வாயில் ஒரு பாட்டிலைப் பிடித்தால் அளந்துவிடலாம். ஆகவே சட்டம் வேலை செய்தது.

ஆனால் நேயர்களே, நான் இன்று பேச வந்தது ஆலையைப் பற்றியன்று. என்னிடம் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று ஆலையிலோ பால்மரக் காட்டிலோ வேலை செய்கிறார்கள்? மிகச் சிலரே. ஒருவன் தங்கும் விடுதியில் அறை துப்புரவு செய்கிறான். ஒருத்தி பேரங்காடியில் கல்லாவில் நிற்கிறாள். இன்னொருவன் உணவகத்தில் ரொட்டி போடுகிறான். சலவைக் கடை, முடிதிருத்தும் நிலையம், கார் கழுவும் இடம், பேருந்து நிறுவனம் என்று பலவாறாகப் பிரிந்துவிட்டார்கள். இவற்றையெல்லாம் சேர்த்துச் சேவைத் தொழில்கள் என்கிறோம். இங்கே புகைபோக்கி இல்லை. பாட்டிலைப் பிடிக்க ஒரே ஒரு குழாயும் இல்லை. ஆயிரம் கடை, ஆயிரம் சிறு குழாய். ஒவ்வொன்றும் கொஞ்சமாக அழுக்காக்குகிறது. சேர்ந்தால் ஓர் ஆறு கெடுகிறது. இத்தகைய கடைக்காரர் ஒருவர், சுற்றுப்புறத்துக்குக் கேடு குறைந்த புதுமுறை ஒன்றைக் கைக்கொள்கிறார் என்றால், அவரைத் தள்ளியது எது? இதுவே இன்றைய கேள்வி.

எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயிலிருந்து வந்தது.

எங்கள் தோட்டத்தை அடுத்த சிற்றூரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. நல்ல கடை. கடைக்காரரின் பிள்ளைகள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். அந்த வரிசைக் கடைகளின் பின்பக்கத்திலிருந்து புறப்படும் கால்வாய் எங்கள் பள்ளித் திடலை ஒட்டி ஓடி, ஆற்றில் விழுகிறது. ஒரு மழைக் காலத்தில் அது நிரம்பித் திடலுக்குள் வந்துவிட்டது. வந்தது மழைநீர் மட்டுமா? வெள்ளை மெழுகுபோல் கட்டிகட்டியாகக் கொழுப்பு மிதந்தது. விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியை நிறுத்தினோம். பிள்ளைகளுக்குக் காலில் சொறி கண்டது. எலிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான் கோபத்தோடு கடைக்குப் போனேன். அவர் என்னை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, பிறகு சொன்னார்: "ஐயா, கொழுப்புப் பெட்டி வைக்கலாம். காசு ஆகும். சோத்துல அம்பது காசு ஏத்துனா, பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. அவன் வைக்க மாட்டான். நான் மட்டும் எதுக்கு ஐயா வைக்கணும்?"

இந்தப் பதிலுக்கு அப்போது எனக்கு மறுமொழி தெரியவில்லை. பின்னால் யோசித்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னது கெட்டவன் சொல்லும் சாக்கு அன்று என்பது. சேவைத் தொழிலின் அடிப்படை முடிச்சே அதுதான். கெடுதியின் விலையைக் கால்வாய் ஓரத்தில் இருப்பவன் கொடுக்கிறான். திருத்தத்தின் விலையை மட்டும் கடைக்காரர் கொடுக்க வேண்டும். அதுவும் தனியாக.

மறு ஆண்டு உரிமம் புதுப்பிக்கும் நேரத்தில், அந்த வரிசையில் உள்ள எல்லா உணவுக் கடைகளுக்கும் கொழுப்புப் பொறி இருந்தாக வேண்டும் என்று உள்ளாட்சி மன்றத்தார் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ஒரே மாதத்தில் எல்லாக் கடைகளிலும் பெட்டி வந்துவிட்டது. எங்கள் கடைக்காரர் முணுமுணுத்தார். ஆனால் பக்கத்துக் கடையும் வைத்ததால் அவருக்கு நட்டமில்லை. சட்டம் அச்சுறுத்துவதால் மட்டும் வேலை செய்கிறது என்று நாம் எண்ணுகிறோம். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதாலும் அது வேலை செய்கிறது. நல்லது செய்ய விரும்புகிறவன் தோற்றுப்போகாமல் அது காக்கிறது.

கொழுப்புப் பொறி என்பது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. எண்ணெய் நீரைவிட இலேசானது, மிதக்கும். சோற்றுப் பருக்கை கனமானது, அமிழும். தடுப்புத் தகடுகள் வைத்த ஒரு பெட்டிக்குள் கழிவுநீரை மெதுவாக ஓடவிட்டால், அது சற்று ஆறி, கொழுப்பு மேலே ஆடைபோல் படிகிறது. கசடு அடியில் தங்குகிறது. இடையிலுள்ள நீர் தடுப்பின் கீழாக வெளியேறுகிறது. ஆனால் மேலே படிந்ததை அள்ளி எடுக்காவிட்டால், பெட்டி நிறைந்து, வந்த கொழுப்பு வந்த வழியே கால்வாய்க்குப் போய்விடும். அப்போது பெட்டி இருந்தும் இல்லாததுபோல்தான்.

எங்கள் ஊரில் நடந்ததும் அதுவே. மூன்று மாதத்தில் கால்வாய் மீண்டும் மெழுகு பூசிக்கொண்டது. பெட்டி வைக்கச் சட்டம் இருந்தது. அதைக் கழுவுவது யார் வேலை என்று கடையில் ஒருவரும் சொல்லவில்லை. பாத்திரம் துலக்கும் அம்மா ஒருவர் அங்கே இருந்தார். பழைய தோட்டத்து ஆள், பால்மரம் வெட்டியவர். அந்த நாற்றப் பெட்டியைத் திறக்கும் வேலை, சொல்லாமலே அவர் தலையில்தான் விழுந்திருந்தது. வேலை நேரம் முடிந்த பிறகு, கூலி இல்லாமல். அவர் ஏன் செய்வார்?

ஒரு நாள் அவரே முதலாளியிடம் மூன்று செய்திகளைச் சொன்னாராம். ஒன்று, கறிச் சட்டியைத் தண்ணீரில் போடுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டால் பெட்டிக்குப் போகும் கொழுப்பே பெரிதும் குறையும். இரண்டு, மூடிக்குக் கைப்பிடி வேண்டும். மூன்று, கடை சாத்துவதற்கு முன் அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணிக்கும் சம்பளம் வேண்டும். முதலாளி மூன்றாவதைக் கேட்டுத் தயங்கியிருக்கிறார். ஆனால் கால்வாய் அடைத்துக்கொண்டால் குழாய்க்காரரை அழைத்துக் கொடுக்கும் தொகையைக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒப்புக்கொண்டார். அன்றுதான் அந்தப் பெட்டி உண்மையில் வேலை செய்யத் தொடங்கியது.

புத்தாக்கம் என்ற சொல்லைக் கேட்டால் நமக்குப் புது இயந்திரமே நினைவுக்கு வருகிறது. சேவைத் தொழிலில் அது பெரும்பாலும் இயந்திரமன்று. வேலை செய்யும் முறை. அந்த முறையைக் கண்டுபிடிக்கக்கூடியவர், அழுக்கை நாள்தோறும் கையால் தொடுகிறவர். அவரிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம். மேலாளர்களுக்கென்று எத்தனையோ கருத்தரங்குகள் நடக்கின்றன. பாத்திரம் துலக்கும் அம்மாவை அங்கே அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு தள்ளுதலும் அந்தக் கடைக்கு வந்தது. வடை, அப்பளம் பொரித்து மிஞ்சிய கருப்பு எண்ணெயை முன்பெல்லாம் கால்வாயில்தான் கொட்டினார்கள். இப்போது அதை வாங்கிப்போக ஆள் வருகிறார். தகரத்துக்கு இவ்வளவு என்று காசும் தருகிறார். எங்கே போகிறது அந்த எண்ணெய்? சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் நெஸ்தே என்ற பின்லாந்து நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 2010-இல் தொடங்கியது; 2023-இல் விரிவாக்கப்பட்டது. பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு போன்றவற்றிலிருந்து அங்கே ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் வரை விமான எரிபொருள் தயாரிக்க முடியும். அப்பளம் பொரித்த எண்ணெயில் ஆகாய விமானம் பறக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் என்னை நம்புவதில்லை.

பணம் நல்ல தள்ளுகோல். ஆனால் அதற்குத் திசை தெரியாது. பழைய எண்ணெயின் விலை ஏறியபோது, மானிய விலையில் கிடைக்கும் புது எண்ணெயையே பழையது என்று விற்றுவிடுவார்களோ என்ற ஐயம் இந்நாட்டில் எழுந்ததுண்டு.

இனி, சிறு கடைக்காரர் தனியாகச் செய்யவே முடியாத மாற்றங்கள் உண்டு. இதற்கு நான் அறிந்த பெரிய எடுத்துக்காட்டு, கடலைத் தாண்டிச் சிங்கப்பூரில் இருக்கிறது. 1960-களில் அங்கே தெருவெல்லாம் அங்காடிக்காரர்கள். தள்ளுவண்டியில் சமைத்து, வாளித் தண்ணீரில் தட்டுக் கழுவி, அந்த நீரைச் சாலையோரச் சாக்கடையில் ஊற்றினார்கள். சாக்கடை சிங்கப்பூர் ஆற்றுக்குப் போயிற்று. அந்த ஆற்றின் நாற்றத்தைப் பெரியவர்கள் பலர் இன்றும் நினைவுகூர்வார்கள். அங்காடிக்காரர்களைக் குறைசொல்லி என்ன பயன்? தெருவில் குழாய் இல்லை. கழிவுநீர்க் குழாய் இணைப்பு இல்லை. தண்டம் விதித்தால் ஓடி மறைவார்கள். மறுநாள் வேறு தெருவில் நிற்பார்கள்.

அங்கே அரசாங்கம் 1968, 1969 ஆண்டுகளில் அவர்களைப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டி, சுமார் 18,000 தெருக் கடைக்காரர்களை அவற்றுக்குள் கொண்டுவந்தது. குழாய்த் தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, குப்பை அகற்றும் ஏற்பாடு எல்லாம் பொதுவில் அமைந்தன. இடையே, 1977-இல், ஆற்றைப் பத்தாண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ கெடு வைத்தார். ஆற்றுப் படுகையிலிருந்து ஏறத்தாழ 5,000 அங்காடிக்காரர்கள் இடம் மாற்றப்பட்டார்கள். 600-க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. 1987-இல் பணி முடிந்தது. இழப்பீடு நீங்கலாகவே சுமார் 17 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவாயிற்று. 2020-இல் யுனெஸ்கோ அந்த அங்காடிப் பண்பாட்டை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எல்லோரும் மகிழ்ச்சியோடு போனார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பழைய வாடிக்கையாளரை விட்டுப் பிரிவது ஒரு வியாபாரிக்கு எளிதன்று. ஆயினும் ஒன்று தெளிவு. கடைக்காரரின் மனம் மாறி ஆறு தூய்மையாகவில்லை. நிற்க ஓர் இடமும், திறக்க ஒரு குழாயும் கிடைத்த பிறகே அவரால் மாற முடிந்தது. சிறு தொழிலுக்குப் புதுமுறையைப் போதிப்பவர்கள் முதலில் அந்தக் கடையில் வடிகால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போதிப்பது நல்லது.

இப்போது வாடிக்கையாளரிடம் வருவோம். ஆலையில் எண்ணெய் பிழியும்போது வாங்குபவர் பக்கத்தில் நிற்பதில்லை. கடையிலோ, சேவை நடக்கும் அந்த நேரத்திலேயே நாமும் உள்ளே நிற்கிறோம். தட்டை நாம் நகர்த்துகிறோம். பையை நாம் நீட்டுகிறோம். ஆகவே நாம் ஒத்துழைக்காவிட்டால் கடையின் எந்தப் புதுமுறையும் நிலைக்காது.

பிளாஸ்டிக் பையைப் பாருங்கள். பினாங்கு மாநிலத்தில் 2009-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பை இல்லை என்று தொடங்கினார்கள். 2010-இல் வாரத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. 2011 சனவரி முதல் எல்லா நாளும். வேண்டுமென்றால் அப்போது 20 காசு கொடுத்து வாங்கிக்கொள்ள முடிந்தது. சிலாங்கூரிலும் 2010-இல் சனிக்கிழமைகளில் தொடங்கி, 2017-இல் நாள்தோறும் என்றாயிற்று. சிங்கப்பூரில் 2023 சூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னோடி அயர்லாந்து நாடு. 2002 மார்ச்சு மாதத்தில் பைக்கு 15 யூரோக் காசு வரி வைத்தார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 328 பையாக இருந்த பயன்பாடு 21-க்கு இறங்கிற்று.

இருபது காசு யாருக்குப் பெரிது? நூறு வெள்ளிக்குச் சாமான் வாங்குகிறவர் இருபது காசுக்கு அஞ்சுவாரா? இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்பு பை கேட்காமலே வந்தது. இப்போது கல்லாவில் நிற்கும் பெண் "பை வேணுமா?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் நிற்பவர்களும் கேட்கிறார்கள். வீட்டில் மடித்து வைத்த பை நினைவுக்கு வருகிறது. மறுமுறை எடுத்துவருகிறோம். காசைவிடக் கேள்விதான் நம்மை மாற்றுகிறது என்பது என் கருத்து.

வாடிக்கையாளரின் மனத்தைப் பற்றி அமெரிக்காவில் ஒரு விடுதியில் அழகான சோதனை ஒன்று செய்தார்கள். கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2008-இல் அதை வெளியிட்டார்கள். துவாலையை நாள்தோறும் மாற்றாமல் மறுபடியும் பயன்படுத்துங்கள், சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்று அட்டை வைத்த அறைகளில், நூற்றுக்கு 35 பேர் இசைந்தார்கள். இங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலோர் மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்று மட்டும் எழுதிய அறைகளில், அது 44 ஆயிற்று. அடுத்த சோதனையில், இதே அறையில் தங்கியவர்கள் அவ்வாறு செய்தார்கள் என்று எழுதியபோது, 49 ஆயிற்று. நல்லது செய் என்றால் மனிதன் தலையாட்டுகிறான். உன்னைப்போன்றவர்கள் செய்துவிட்டார்கள் என்றால் எழுந்து செய்கிறான். பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் சேர்த்த அனுபவமுள்ள ஆசிரியர் எவருக்கும் இது புதிதன்று.

ஆனால் அந்தத் துவாலை அட்டையை நான் முழுதாக நம்புவதில்லை. சலவை குறைந்தால் தண்ணீர் மிச்சம், சோப்பு மிச்சம், மின்சாரம் மிச்சம், விடுதிக்கு இலாபம். அதில் தவறில்லை. மண்ணுலகின் மேல் கொண்ட அன்பால் செய்கிறோம் என்று எழுதும்போதுதான் உறுத்துகிறது. 1986-இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் இப்படிப்பட்ட ஒரு விடுதி அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் 'பச்சைப் பூச்சு' என்ற பொருள்படும் சொல்லை ஆங்கிலத்தில் வழக்குக்குக் கொண்டுவந்தார். துவாலையைக் காக்கச் சொன்ன விடுதி மற்றவற்றில் என்ன செய்கிறது என்பது அவர் கேள்வி. விடுதியில் வேலை செய்யும் என் பழைய மாணவனிடம் நானும் கேட்டேன். "ஐயா, துவால மாத்தாததுனால எங்களுக்கு வேலை குறையல. அதே நேரத்துல இன்னும் ரெண்டு ரூமு கூட்டிட்டாங்க" என்றான்.

செலவு மிச்சம் என்ற தள்ளுகோல் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதற்கு ஒரு குறிப்பு உண்டு. கட்டணச் சீட்டு யார் பெயருக்கு வருகிறது என்று பாருங்கள். இப்போது ஊருக்கு ஊர் காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடைகள் வந்துவிட்டன. முன்புறம் கதவு வைத்த சலவைப் பொறி, மேலே மூடி வைத்ததைவிடக் குறைந்த தண்ணீரில் துவைக்கிறது. தண்ணீர்க் கட்டணத்தைத் தானே கட்டுகிற கடைக்காரர், யாரும் சொல்லாமலே அதைத் தேடி வாங்குகிறார். மாறாக, வாடகையோடு சேர்த்து மின்சாரத்துக்கும் ஒரே தொகை கட்டுகிற கடைக்காரரைப் பாருங்கள். விளக்கை அணைத்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. கட்டட உரிமையாளர் நல்ல குளிர்சாதனம் வாங்கமாட்டார். பயனடைகிறவர் குடியிருப்பவர் ஆயிற்றே என்பார். இருவர் நடுவே மின்சாரம் வீணாகிறது. இருவரும் கெட்டவர்கள் அல்லர்.

இன்னும் சில தொழில்களில் புதுமுறை கடைக்குள் பிறப்பதே இல்லை. பொருள் விற்பவரிடமிருந்து வருகிறது. உலர்சலவை என்று கோட்டு, பட்டுப் புடவை எல்லாம் கொடுக்கிறோமே, அதில் தண்ணீருக்குப் பதிலாக பெர்குளோரோ எத்திலீன் என்ற திரவத்தைப் பலகாலமாகப் பயன்படுத்திவந்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திய பொருள் அது. முதலில் பாதிக்கப்படுகிறவர், நாள் முழுதும் அந்தப் பொறியருகே நிற்கும் தொழிலாளி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், 2023-க்குள் இதை உலர்சலவையிலிருந்து முற்றாக நீக்குவது என்று 2007-இல் முடிவு செய்தது. சலவைக் கடைக்காரர் என்ன ஆய்வுக்கூடமா வைத்திருக்கிறார்? கணினி கட்டுப்படுத்தும் நீர்ச்சலவைப் பொறியை வேறொருவர் செய்து கொடுத்தார். அதை வாங்கப் பணம்? அதற்கும் அங்கே முன்னரே வழி செய்திருந்தார்கள். அந்தத் திரவத்தை வாங்கும்போதே ஒரு கட்டணம் பிடித்து, அந்தத் தொகையிலிருந்து, மாறுகிற சிறு கடைக்காரருக்கு 10,000 டாலர் உதவியாகக் கொடுத்தார்கள். தடையோடு ஒரு கையும் நீட்டப்பட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்க மைய அரசும் உலர்சலவையில் இதைப் பத்தாண்டுகளில் ஒழிக்க விதி செய்தது.

அப்படியானால் முதலாளியின் நல்ல மனத்துக்கு இதில் இடமே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. நான் கண்டவரை, அந்த நல்ல மனம் முதலில் வருவதில்லை, நடுவில் வருகிறது. எங்கள் சாப்பாட்டுக் கடைக்காரரையே மீண்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கொழுப்புப் பெட்டிக்கும் பழைய எண்ணெய்க்கும் பிறகு, யாரும் சொல்லாமலே அவர் ஒரு காரியத்தில் இறங்கினார். கட்டிக்கொண்டு போகும் சோற்றுக்கு வெள்ளை நுரைப்பெட்டி கொடுத்துவந்தார். அவருடைய பெட்டிகளே எங்கள் கால்வாயில் மிதந்து வந்ததை, பள்ளிக் கூட்டுப்பணி நாளில் அவரே குனிந்து பொறுக்கினார். அன்று என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் கடையில் ஒரு பலகை தொங்கியது: சொந்தப் பாத்திரம் கொண்டுவந்தால் 20 காசு குறைவு. ஒருவரும் கொண்டுவரவில்லை. ஒரு மாதம் பார்த்தார். பிறகு பலகையைத் திருப்பி எழுதினார்: சோற்றின் விலை இது, பெட்டி வேண்டுமென்றால் 20 காசு தனி. கணக்கு ஒன்றேதான். ஆனால் மக்கள் பாத்திரம் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். கிடைக்காத கழிவு யார் கண்ணிலும் படவில்லை. கையை விட்டுப் போகும் காசு எல்லார் கண்ணிலும் பட்டது.

அதிலும் ஒரு சிக்கல் முளைத்தது. ஒருவர் சிறு கிண்ணம் கொண்டுவருகிறார். இன்னொருவர் ஆறு பேர் சாப்பிடும் அடுக்குச் சட்டியை நீட்டுகிறார். குழம்பு எவ்வளவு ஊற்றுவது? குறைத்தால் சண்டை, நிறைத்தால் நட்டம். தீர்த்து வைத்தவர் அதே பாத்திரம் துலக்கும் அம்மாதான். ஒரு பழைய பால் கோப்பையைக் கொண்டுவந்து கறிச் சட்டியருகே வைத்துவிட்டார். பாத்திரம் எதுவானாலும் சோற்றுக்கு ஒரு கோப்பைக் குழம்பு.

இன்றும் மதியம் பள்ளி விடும் நேரத்தில், எங்கள் மாணவர்கள் சிலர் வீட்டுத் தூக்குச் சட்டியோடு அந்தக் கடை வாசலில் நிற்பதைப் பார்க்கிறேன். பக்கத்துக் கடையில் இன்னும் நுரைப்பெட்டிதான். அங்கேயும் கூட்டம் இருக்கிறது. கால்வாயில் மெழுகு இல்லை. பெட்டிகள் வருவது நிற்கவில்லை. அடுத்த உரிமப் புதுப்பிப்பின்போது அதையும் கேட்கச் சொல்லி, எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் உள்ளாட்சி மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். கையொப்பமிட்டவர்களில் முதல் பெயர் அந்தக் கடைக்காரருடையது.